கோல்ஃப்ல ஸ்கோர் குறையணும்னா எதுல நேரத்தப் போடணும்?

கேள்வி சுருக்கமா இதுதான்: ஸ்கோர் 95க்கும் 100க்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் ப்ராக்டிஸுக்குக் கிடைக்குது, கோச் ஷார்ட் கேம்தான் (ஹோல் பக்கத்துல ஆடற சின்ன ஷாட்டுங்க) முக்கியம்ங்கிறார், கூட ஆடறவங்க டிரைவரச் (ஆரம்பத்துல தூரமா அடிக்கிற பெரிய குச்சி) சரி பண்ணுங்கிறாங்க, வீடியோ பாத்தா எல்லாம் பட்டிங் பட்டிங்னு (பந்த உருட்டி ஹோல்ல போடறது) போகுது, இதுல யார நம்புறது, அப்பறம் புதுசா ஒரு பட்டர் (பட்டிங் குச்சி) வாங்கினா ஏதாவது பிரயோஜனம் உண்டா?

மூணு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, ஆனா மூணு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க. கோச் சொல்றது எது சீக்கிரமா முன்னேறும்ங்கிறத வெச்சு. கூட ஆடறவங்க சொல்றது எங்க ஸ்ட்ரோக் கண்ணு முன்னால பறி போகுதோ அத வெச்சு. வீடியோக்காரங்க எந்த மாதிரி ஷாட் எண்ணிக்கைல அதிகமோ அத வெச்சு சொல்றாங்க. உங்களுக்குத் தேவைப்படறது வேற கணக்கு: உங்களவிட 10 ஸ்ட்ரோக் கம்மியா ஆடறவர் அந்த பத்த எங்க சம்பாதிக்கிறார்? இதுக்கு இப்ப டேட்டா நல்லாவே இருக்கு.

முதல்ல பதிலச் சொல்லிடறேன். உங்க லெவலுக்கு நான் போடற வரிசை: டீ ஷாட் (ஹோலோட முதல் அடி) ஆட்டத்துக்குள்ள இருக்கணும், அடுத்தது அயர்ன், ஹைப்ரிட்ங்கிற நடுத்தூரக் குச்சிகள்ல சுத்தமா பந்தத் தொட்டு கிரீன் (ஹோல் இருக்கிற வழவழப்பான புல்லு) பக்கம் கொண்டு போகணும், மூணாவது கிரீனச் சுத்தி நின்னா ஒரே ஷாட்ல கிரீன் மேல ஏத்தணும், நாலாவது நீள பட்டுக்குத் தூரக் கணக்கு. 6 அடி, 8 அடி பட்ட உள்ள போடற திறமை இதுக்கெல்லாம் பின்னாலதான். இத நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும், அதனால ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பட்டிங் கட்சிக்காரங்க வாதம் இப்படிப் போகும், 95 அடிக்கிறவருக்கு அதுல 36 பட் மாதிரி இருக்கும், கிட்டத்தட்ட 40 சதவீதம், அதனால 40 சதவீத நேரம் அங்கதான் போகணும். கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த 36ல ஒரு பெரிய பங்கு ரெண்டடி மூணடி தூரத்துல இருந்து தட்டி விடறது, அத நீங்களும் போடுவீங்க, உலக சாம்பியனும் போடுவார், ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசமே வராத ஷாட்டு. எண்ணிக்கைல அதிகமா இருக்கிறதும் வித்தியாசத்த உண்டாக்குறதும் ஒண்ணு கிடையாது. ஒரு டீ ஷாட் ஓபி (எல்லைக்கு வெளிய) போச்சுன்னா எண்ணிக்கைல அது ஒரே ஒரு ஷாட்டு, ஸ்கோர் கார்டுல அது ரெண்டு முழு ஸ்ட்ரோக்.

இத ஒழுங்கா கணக்குப் போட்டவர் கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் மார்க் பிராடி. அமெரிக்க ப்ரோக்கள் ஆடற பிஜிஏ டூர்ல ஷாட்லிங்க்னு ஒரு சிஸ்டம், ஒவ்வொரு ஷாட்டும் எங்கருந்து எங்க போச்சுன்னு அளந்து வெக்கிறாங்க, அந்த டேட்டாவ வெச்சு இந்த தூரத்துல இந்த மாதிரி இடத்துல இருந்து பந்த ஹோல்ல போட ஒரு ப்ரோவுக்கு சராசரியா எத்தன ஸ்ட்ரோக் ஆகுதுன்னு அட்டவணையே போட்டார். அதுலருந்து வந்ததுதான் ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்ங்கிற கணக்கு, பிஜிஏ டூர் 2011ல பட்டிங்குக்கு இத அதிகாரபூர்வமாவே எடுத்துக்கிட்டாங்க, பிறகு மத்த ஷாட்டுக்கும் வந்துச்சு.

உதாரணம் சொன்னா ஈஸியா புரியும். 8 அடி பட், ப்ரோ சராசரி 1.5, அதாவது பாதி தடவ உள்ள போகும், பாதி தடவ போகாது. உள்ள போட்டா அர ஸ்ட்ரோக் லாபம், விட்டுட்டு அடுத்ததுல முடிச்சா அர ஸ்ட்ரோக் நஷ்டம். இப்ப 400 யார்டு ஹோல் டீல நிக்கிறீங்க, அங்க சராசரி 3.99. டிரைவ் அடிச்சு 100 யார்டு பாக்கி, பந்து ஃபேர்வேல (நடுவுல வெட்டின புல்லு), அங்க சராசரி 2.80. ஒரு ஷாட் அடிச்சு 1.19 குறைச்சுட்டீங்க, ஆக 0.19 லாபம். அதே தூரத்துல ரஃப்ல (ஓரத்து நீளப் புல்லு) விழுந்தா சராசரி 3.02, அப்ப லாபம் போயி 0.03 நஷ்டம். ஃபேர்வேக்கும் ரஃப்புக்கும் நடுவுல கால் ஸ்ட்ரோக்குக்கும் கம்மியான வித்தியாசம்தான், ஆனா மரத்துக்குப் பின்னால மாட்டி பக்கவாட்டுல வெளிய எடுக்க வேண்டிய நெலம வந்தா கிட்டத்தட்ட ஒரு ஸ்ட்ரோக் போயிடுது, ஓபின்னா ரெண்டு. இத மனசுல வெச்சுக்குங்க, கீழ மறுபடி வரும்.

இந்த மாதிரி 2004லருந்து 2012 வரைக்கும் டூர் டேட்டாவ வெச்சு பிராடி பாத்தப்ப, டாப் 40 ப்ரோக்கள் மத்தவங்களவிட முன்னால இருக்கிறதுக்குக் காரணம் எதெதுன்னு வந்த பங்கு: அப்ரோச் ஷாட் (கிரீன நோக்கி அடிக்கிறது) 40 சதவீதம், டிரைவிங் 28, ஷார்ட் கேம் 17, பட்டிங் 15. அதாவது 100 யார்டுக்கு வெளிய அடிக்கிற ஷாட்டுங்கதான் மூணுல ரெண்டு பங்கு. டைகர் உட்ஸ் உச்சத்துல இருந்தப்ப ஜனங்க ஞாபகம் வெச்சிருக்கிறது அவர் போட்ட நீள பட்டுங்கள, கணக்குப் பாத்தா மத்தவங்கள அதிகமா ஜெயிச்சது அயர்ன்ல. அமெச்சூர்கள்ல 80 அடிக்கிறவருக்கும் 90 அடிக்கிறவருக்கும் நடுவுலயும் இதே மூணுல ரெண்டுதான் ஏறக்குறைய வருது, இதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

அப்ப ஏன் உலகமே பட்டிங்தான் பணம்னு சொல்லுது? டிரைவ் ஷோவுக்கு, பட் காசுக்குன்னு பழமொழி மாதிரி ஒண்ணு இருக்கே, தென்னாப்பிரிக்காக்காரர் பாபி லாக் சொன்னதா சொல்வாங்க, அவர் நாலு தடவ பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்ச ஆளு, சும்மா சொல்லிருக்க மாட்டார். ஆனா டிவில நம்ம பாக்கிறது ஞாயித்துக்கிழம லீடர் குரூப்ப. அந்த வாரம் பட்டிங் நல்லா விழுந்தவங்கதான் லீடர் குரூப்லயே இருப்பாங்க. ஜெயிச்ச வாரத்த மட்டும் தனியா எடுத்துப் பாத்தா பட்டிங்கோட பங்கு 35 சதவீதம் வரைக்கும் ஏறுது, வருஷம் முழுக்கப் பாத்தா 15தான். பட்டிங் ஒரு வாரம் சூடா இருக்கும், அடுத்த வாரம் ஆறிடும், பந்த அடிக்கிற தரம் அப்படி ஆடாது. டிவி பாத்துப் பாத்து வாரத்தோட கதைய வருஷத்தோட கதைன்னு எடுத்துக்கிட்டோம்.

இதுக்கு அமெரிக்க ப்ரோ ஸ்காட்டி ஷெஃப்லரவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2023 சீசன்ல பட்டிங் ரேங்க்ல 162வது இடம், ப்ரோக்கள்ல அது மோசமான இடம், அத வெச்சுக்கிட்டே ஸ்கோரிங் ஆவரேஜ்ல முதல் ஆளு, ஃபீனிக்ஸ் ஓபன், பிளேயர்ஸ்னு ரெண்டு போட்டியும் ஜெயிச்சார், ஏன்னா டீலருந்து கிரீன் வரைக்கும் அவர் கிட்டயே யாரும் வர முடியல. 2024 மார்ச்ல மாலட் பட்டருக்கு (தலை பெருசா இருக்கிற பட்டர்) மாறினார், பட்டிங் கொஞ்சம் தேறிச்சு, அந்த வருஷம் டூர்ல ஏழு வெற்றி, பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வேற. அதாவது பட்டிங் வேஸ்ட்னு அர்த்தம் இல்ல, அவர எந்த வாரமும் லீடர்போர்டு மேல கொண்டு வந்தது பந்தடிக்கிற திறம, அங்கருந்து கோப்பைய எடுக்க வெச்சது பட்டிங். எதிர்ப்பக்கம் பாத்தா டென்னி மெக்கார்த்தி 2019, 2020 ரெண்டு சீசன்லயும் பட்டிங்ல நம்பர் ஒன், அந்த ரெண்டு சீசன்லயும் டூர்ல ஒரு வெற்றியும் கிடையாது.

சரி, ப்ரோ கத போதும், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வருவோம். லூசியஸ் ரிச்சியோன்னு ஒருத்தர், புள்ளிவிவரக்காரர், ரொம்ப எளிமையா ஒரு சூத்திரம் சொன்னார்: 95லருந்து, ரெகுலேஷன்ல (ஹோலுக்கு வெச்ச அடி எண்ணிக்கை, அதாவது பாரவிட குறைஞ்சது ரெண்டு கம்மில) எத்தன கிரீன் பிடிச்சீங்களோ அத ரெண்டால பெருக்கிக் கழிங்க, அதுதான் உங்க ஸ்கோர். மூணு கிரீன் பிடிச்சா 89, எட்டு பிடிச்சா 79, பதிமூணு பிடிச்சா 69. தனிப்பட்ட ஒரு ரவுண்டுக்கு இது தப்பலாம், ஆனா சராசரியா பாத்தா நல்லாவே பொருந்தும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், 90அ உடைக்க 18ல மூணே மூணு கிரீன் போதும்ங்கிறது. பார் 72ல 89 ஆடணும்னா 17 போகி (பாரவிட ஒண்ணு கூட), ஒரு பார். அவ்ளோதான். பேர்டியே (பாரவிட ஒண்ணு கம்மி) தேவையில்ல, 8 அடி பட்டெல்லாம் போட்டுத் தள்ளணும்னும் இல்ல. உங்க பிரச்சன பார் கிடைக்காதது கிடையாது, டபுளும் ட்ரிப்பிளும் (பாரவிட ரெண்டு, மூணு கூட) வர்றது. ஒரு ரவுண்டு கார்ட எடுத்து டபுளுக்கு மேல போன ஹோல்கள மட்டும் பாருங்க, அந்த ஹோல்கள்ல போகியோட நிறுத்திருந்தா என்ன ஸ்கோர்னு போட்டுப் பாருங்க, பெரும்பாலும் 90 பக்கத்துல வந்து நிக்கும்.

இப்ப அந்த டபுள் எப்படிப் பொறக்குதுன்னு பாத்தா, மூணு வழி. ஒண்ணு டீ ஷாட்ல பெனால்டி. ரெண்டு நடுவுல ஒரு டாப் (பந்தோட தலைல பட்டது), ஒரு ஃபேட் (பந்துக்குப் பின்னால மண்ணுல பட்டது), பந்து 40 யார்டு உருண்டு போயி நிக்கும். மூணு கிரீன் பக்கத்துல வந்து சிப்ப (கிரீனுக்கு அடிக்கிற சின்ன ஷாட்) மண்ணுல அடிச்சு அங்கயே கிடக்கிறது, இல்லன்னா பந்தோட தலைய அடிச்சு அந்தப் பக்கம் ஓடுறது. நாலாவதா மூணு பட் வரும், ஆனா அது பெரும்பாலும் போகிய டபுளாக்கும், ட்ரிப்பிளாக்காது.

டீ ஷாட்ட எடுத்துக்குங்க. சாதாரண பார் 72 கோர்ஸ்ல பார் 3 நாலு போனா 14 ஹோல்ல டீலருந்து நீளமா அடிக்கணும். 14ல ரெண்டு ஓபி போச்சுன்னா நாலு ஸ்ட்ரோக் அங்கயே போச்சு, அத ஈடுகட்ட 8 அடி பட் ப்ரோ மாதிரி போடணும்னா கூட அந்த நாள் பத்தாது. இங்கதான் ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிறாங்க, டிரைவர உள்ள வெச்சுட்டு 5 அயர்ன் அடின்னு சொல்றாங்க. எப்பவும் அப்படி வேணாம். தூரம் பெரிய லாபம், 20 யார்டு கூட போனா ப்ரோவுக்கே ரவுண்டுக்கு முக்கா ஸ்ட்ரோக் கிட்ட கிடைக்குது, ஸ்கோர் அதிகமா இருக்கிறவங்களுக்கு அதவிட கூடவே கிடைக்கும். 2020 யூஎஸ் ஓபன்ல பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேல 23தான் பிடிச்சார், விங்ட் ஃபுட் மாதிரி ரஃப்புக்குப் பேர் போன இடத்துல, ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சார். ஃபேர்வே பிடிக்கிறது கணக்கே கிடையாது, பந்து அடுத்த ஷாட்ட கிரீன் பக்கம் அடிக்கிற மாதிரி இடத்துல கிடக்கணும், அவ்ளோதான். முன்னால சொன்னேனே ஃபேர்வேக்கும் ரஃப்புக்கும் கால் ஸ்ட்ரோக்குக்குக் கம்மின்னு, மரம், தண்ணி, ஓபி வந்தாதான் ஒண்ணு ரெண்டுன்னு எகிறுது.

அதே டைகர் 2006ல ராயல் லிவர்பூல் கோர்ஸ்ல வேற மாதிரி ஆடினார். கோர்ஸ் காஞ்சு பந்து ஓடுது, ஃபேர்வே பங்கர் (மணல்) எல்லாம் குழி மாதிரி, விழுந்தா பக்கவாட்டுலதான் எடுக்கணும், அதாவது பெனால்டிக்குச் சமம். நாலு நாளும் சேத்து டிரைவர் அடிச்சது ஒரே தடவ, 56ல 48 ஃபேர்வே, பாருக்கு 18 கம்மி, ஓபன் ஜெயிச்சார். பிரைசனும் சரி, டைகரும் சரி, ரெண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான், இங்க தப்பா அடிச்சா என்ன ஆகும்? ரஃப்னா அடி, பெனால்டின்னா குச்சிய மாத்து. உங்க 14 டீ ஷாட்ல ரெண்டு மூணு ஹோல்லதான் உண்மையான ஆபத்து இருக்கும், அங்க மட்டும் சின்ன குச்சி எடுங்க, மத்ததுல டிரைவர விடாதீங்க.

டிரைவர்ல நேரா அடிக்கணும்னு நெனைக்கிறத விட்டுடுங்க. 4 டிகிரி விலகின பந்து 250 யார்டுல 17 யார்டு தள்ளி இருக்கும், 7 டிகிரின்னா 30 யார்டு, இதுல வளைவு சேக்கவே இல்ல. ப்ரோக்களோட டிரைவரே இடதுக்கும் வலதுக்கும் சேத்து 60 யார்டுக்கு மேல பரவும். உங்க பரவல் அதவிட அகலம், அது தப்பே இல்ல. ஆனா அது ரெண்டு பக்கமும் போகக்கூடாது. எப்பவுமே வலதுக்கு வளையுதுன்னா இடது ஓரத்தக் குறி வெச்சு அடிக்கலாம், மொத்தப் பரவலும் ஆட்டத்துக்குள்ள வந்துரும். ஒரு நாள் ஸ்லைஸ் (வலது வளைவு) ஒரு நாள் ஹுக்னா (இடது வளைவு) எங்க குறி வெச்சாலும் ஒரு பக்கம் வெளிய போகும். அதனால ரேஞ்ச்ல டிரைவர் எடுத்தா நேரா போகுதான்னு பாக்காம ஒரே பக்கம் போகுதான்னு பாருங்க.

அப்ரோச்தான் அடுத்தது, இதுல பயிற்சியே இல்லாம கிடைக்கிற லாபம் ஒண்ணு இருக்கு. அமெச்சூர்களோட தப்பு பெரும்பாலும் ஷார்ட்டா விழறது, பின்னால போறது ரொம்பக் கம்மி. காரணம் சிம்பிள், 7 அயர்ன் ஒரு தடவ நல்லா பட்டு 150 போச்சு, அன்னைலருந்து அது 150 குச்சி. உண்மைல பத்து அடிச்சா எட்டு 130லருந்து 140க்குள்ள நிக்கும். பின் (ஹோல்ல நிக்கிற கொடி) வேற முன்னால இருந்துச்சுன்னா, பின் தூரத்துக்கு, அதுவும் பெஸ்ட் ஷாட் கணக்குல குச்சி எடுத்தா, எட்டு ஷாட் கிரீனுக்கு முன்னால இருக்கிற பங்கர்ல. கிரீன் முன்னாலருந்து பின்னால வர 25, 30 யார்டு இருக்கும், நடுக் கிரீனுக்குத் தூரம் பாத்து, ஒரு குச்சி கூட எடுத்து, நடுவுல குறி வெச்சு அடிங்க, பின் எங்க இருந்தாலும் சரி. ப்ரோவே 150 யார்டு தாண்டினா சராசரியா ஹோல்லருந்து 25 அடிக்கு மேல தள்ளிதான் வெக்கிறார். 100 யார்டு ஃபேர்வேலருந்தே அவங்க சராசரி 2.80ன்னு பாத்தோம், அதாவது பெரும்பாலும் பார்தான், பேர்டி எப்பவாவது. நம்ம எதுக்குப் பின்னத் துரத்தணும்?

மத்தபடி அயர்ன்ல வேல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பந்தத் தொட்ட பிறகுதான் மண்ண எடுக்கிறது. ரேஞ்ச் மேட்ல பந்துக்கு ரெண்டு இஞ்சு பின்னால அடிச்சாலும் குச்சி வழுக்கிட்டுப் போயி பந்து நல்லா போகும், ஏமாத்திடும், புல்லுல அதே ஸ்விங் 60 யார்டு ஃபேட். முடிஞ்சா புல்லுல அடிங்க, முடியலன்னா மேட்ல ஒரு கோடு போட்டு பவுடரோ சாக்பீஸோ தேச்சு, குச்சி எங்க தரையத் தொடுதுன்னு பாத்துக்கிட்டே அடிங்க. சைடுல போறதெல்லாம் இப்போதைக்குப் பரவால்ல.

ஷார்ட் கேமுக்கு வர்றேன், கோச் இதுல பாதி சரி. ப்ரோவுக்கு ஷார்ட் கேம்னா சிப்ப 4 அடில வெக்கிறதா 8 அடில வெக்கிறதாங்கிற சண்ட. உங்களுக்கு அது கிடையாது, உங்களுக்கு ஷார்ட் கேம்னா ரெண்டு தடவ சிப் பண்ணாம இருக்கிறது. சிப் 20 அடில நின்னா ரெண்டு பட், முடிஞ்சது, 8 அடில நின்னாலும் பெரும்பாலும் ரெண்டு பட்தான் ஆகும். ஆனா ஃபேட் பண்ணி காலடிலயே விட்டா ஒரு முழு ஸ்ட்ரோக் காத்துல போச்சு. அதனால அழகெல்லாம் வேணாம், கிரீன் ஓரமா இருந்தா பட்டர் எடுங்க, கொஞ்சம் புல்லு இருந்தா 8 அயர்ன் எடுத்து பட் மாதிரி தட்டி உருட்டுங்க, பந்தத் தூக்கியே ஆகணும்னா மட்டும் வெட்ஜ். 60 டிகிரி லாப் வெட்ஜ பேக்லருந்து எடுத்து வீட்டுல வெச்சுட்டு வந்தா உங்க லெவல்ல ரவுண்டுக்கு ஒரு ஸ்ட்ரோக் குறையும்ங்கிறது என் கணிப்பு, டேட்டா கேக்காதீங்க. பங்கர்லயும் அதே மாதிரி, ஒரே ஷாட்ல வெளிய வந்தா போதும், எங்க விழுந்தாலும் சரி, பின்னுக்குக் குறி வெக்காம பக்கத்துல சுவர் எங்க தாழ்வா இருக்கோ அங்க அடிங்க.

ஸ்காட்லாந்து கார்னூஸ்டி கோர்ஸ்ல, 1999 ஓபன்ல, பிரெஞ்சுக்காரர் ஜான் வான் டி வெல்டுக்கு என்ன ஆச்சுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கடைசி ஹோலுக்கு மூணு ஸ்ட்ரோக் லீட், டபுள் போகி 6 போட்டாலே ஓபன் அவருக்கு. ரெண்டாவது ஷாட்ல கிரீனையே குறி வெச்சு 2 அயர்ன், பந்து கேலரி ஸ்டாண்டுல பட்டுத் திரும்பி வந்து நீள ரஃப்ல விழுந்துச்சு, அங்கருந்து மறுபடி கிரீனுக்கு அடிக்கப் போயி ஓடைல விழுந்துச்சு, அப்பறம் பங்கர், கடைசில 7, பிளேஆஃப்ல பால் லாரி ஜெயிச்சார். எல்லாரும் நரம்பு, பிரஷர்னு பேசுவாங்க. எனக்கு அதுல தெரியறது, மோசமான இடத்துல இருந்து ஒரே ஷாட்ல கணக்கத் தீத்துடலாம்னு நெனைக்கிறது, இத நம்ம எல்லாரும் ஒவ்வொரு ரவுண்டுலயும் செய்றோம், டிவில வரல, அவ்ளோதான் வித்தியாசம். மாட்டின இடத்துலருந்து அடுத்த ஷாட்ட நல்லா அடிக்கிற இடத்துக்கு எடுத்துட்டு வர்றது ஒரு தனித் திறமைதான், ஸ்விங் எதுவும் மாத்தாம கிடைக்கிற திறம.

பட்டிங். ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். 10 அடி பட்ல பட்டர் முகம் 1 டிகிரி தப்பா இருந்தா பந்து ஹோல்கிட்ட ரெண்டு இஞ்சு தள்ளிப் போகும். ஹோலோட அகலம் 4.25 இஞ்சு, நடுவுலருந்து பாத்தா ரெண்டே கால் இஞ்சுக்கும் கம்மி. ஆக 1 டிகிரி தப்புக்கே ஓரத்துலதான் உரசும், இதுல கிரீனோட சரிவ சரியா படிக்கணும், வேகமும் சரியா இருக்கணும். 10 அடி பட்ட ப்ரோவே 40 சதவீதம்தான் போடறார். இங்க எவ்ளோ உழைச்சாலும் கிடைக்கிறது கொஞ்சம்தான். இப்ப 30 அடி பட்டப் பாருங்க, 3 டிகிரி விலகினா ஒண்ணரை அடிதான் தள்ளிப் போகுது, ஆனா உருளற தூரம் 20 சதவீதம் தப்பினா 6 அடி ஷார்ட் இல்லன்னா 6 அடி தாண்டும். மூணு பட் அங்கதான் பொறக்குது. அதனால நீள பட்ல கோட்டப் பத்திக் கவலப்படாம வேகத்த மட்டும் பழகுங்க, ரவுண்டுக்கு முன்னால ப்ராக்டிஸ் கிரீன்ல பத்து நிமிஷம் ஹோலே இல்லாம 20 அடி, 30 அடி, 40 அடி தூரத்துல புல் ஓரத்துக்கு உருட்டுங்க. அப்பறம் 3 அடி பட் கொஞ்சம். நடு தூரத்த விட்டுடுங்க.

ஒரு ரவுண்டுல எத்தன பட்டுன்னு எண்ணி வெச்சுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அந்த நம்பர் ரொம்ப ஏமாத்தும். எல்லாக் கிரீனையும் விட்டுட்டு, சிப் பண்ணிக் கிட்ட வெச்சா 30 பட்டோட 93 ஆடலாம், கார்டப் பாத்தா பட்டிங் பிரமாதம்னு தோணும். 12 கிரீன் பிடிச்சவருக்கு முதல் பட்டே 30 அடிலருந்து, அவருக்கு 34 பட் வரும், ஸ்கோர் 80க்குக் கீழ. யாரு நல்லா பட் பண்ணினா? அந்த நம்பர வெச்சு சொல்லவே முடியாது.

அதனால நீங்க எழுதி வெக்க வேண்டியது வேற. ஒவ்வொரு ஹோல் முடிஞ்சதும் நாலே நாலு விஷயம் குறிச்சா போதும்: டீ ஷாட்ல பெனால்டி அல்லது பக்கவாட்டுல எடுக்க வேண்டி வந்துச்சா, நடுவுல பந்து பாதி தூரம்கூட போகாத ஷாட் எத்தன, 50 யார்டுக்குள்ள வந்த பிறகு கிரீன் ஏற ஒண்ணுக்கு மேல ஆச்சா, மூணு பட்டா. டீ பெனால்டிக்கு ரெண்டு, மத்ததுக்கு ஒண்ணு ஒண்ணா மார்க் போட்டுக் கூட்டுங்க. நாலஞ்சு ரவுண்டு போனதும் எந்த விஷயத்துல மார்க் அதிகமா நிக்குதோ அதுதான் உங்களுக்கு முக்கியமான திறம, நான் மேல போட்ட வரிசை அதுக்கு ஒத்து வரலன்னா என் வரிசையத் தூக்கிப் போட்டுடுங்க. சராசரி ஆளுக்குப் போட்ட வரிசைதான் அது. சிப் பண்றப்ப கை நடுங்கி தலைய அடிக்கிற வியாதி இருக்கிறவங்களுக்கு அதுதான் முதல் இடம், பிராடி வந்து சொன்னாலும் மாறாது.

இன்னொரு விஷயம் இதுல சேக்கணும். எது முக்கியம்ங்கிறதும் எது சீக்கிரம் மாறும்ங்கிறதும் தனித்தனி. அப்ரோச் ரொம்ப முக்கியம், ஆனா ஸ்விங்க மாத்தி அது கார்டுல தெரிய மாசக்கணக்காகும், நடுவுல ஸ்கோர் ஏறக்கூடச் செய்யும். 8 அயர்ன் உருட்டு சிப்ப ஒரு சாயங்காலத்துல கத்துக்கலாம், லேக் பட்ட (நீள பட்ட ஹோல் கிட்ட நிறுத்தறது) ரெண்டு வாரத்துல. கோச் ஷார்ட் கேம்னு சொன்னது இந்தக் கணக்குலதான்னு நெனைக்கிறேன், அது நியாயம்தான். ஆனா அங்க கிடைக்கிறது மூணு நாலு ஸ்ட்ரோக், அதோட தட்டிடும், அதுக்கு மேல 85, 80னு போகணும்னா அயர்னையும் டிரைவரையும் தொட்டே ஆகணும்.

வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்த நான் எப்படிப் பிரிப்பேன்னா, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஃபுல் ஸ்விங், அதுல பாதிக்கு மேல 7 அயர்னும் ஹைப்ரிடும் தரையத் தொடற இடத்துக்காக, மிச்சம் டிரைவர், அதுவும் ஒவ்வொரு பந்துக்கும் குறி மாத்தி, வரிசையா அம்பது டிரைவர் அடிச்சா கோர்ஸ்ல உதவாது. அர மணி நேரம் சிப், ஒரே பந்த எடுத்துட்டுப் போயி வேற வேற இடத்துல போட்டு, ஒவ்வொண்ணும் ஒரே சான்ஸ். மிச்சம் இருபது நிமிஷம் நீள பட்டும் 3 அடி பட்டும். ஸ்கோர் 90க்குக் கீழ நிலைச்சதும் டீ ஷாட் பெனால்டி தானா குறைஞ்சிருக்கும், அப்ப அந்த நேரத்த எடுத்து 100லருந்து 170 யார்டு வரைக்குமான அயர்ன்ல போடுங்க.

பட்டர் விஷயம்: இப்ப இருக்கிறதோட நீளம் உங்களுக்குப் பொருந்தி, 3 அடி பட் பத்துல ஒம்பது போகுதுன்னா புதுசு வேணாம். அந்தக் காச புல்லு மேல ஒரு மணி நேர அயர்ன் லெசனுக்குக் கொடுங்க. 3 அடியே பத்துல ரெண்டு மூணு ஒரே பக்கமா தப்புதுன்னா மட்டும் ஒரு தடவ மாலட் பட்டர் கடன் வாங்கி ரெண்டு ரவுண்டு ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.